மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டும் ஓட: சென்னை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை உங்கள் தெரு மழைநீர் வடிகாலின் கம்பி வலை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மழை பெய்து இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உள்ளே காய்ந்த மண்ணும் சருகும் கிடந்தால் உங்கள் தெரு நல்ல தெரு. சாம்பல் நிறத்தில் தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டிருந்தால், அது எந்த மேகத்திலிருந்தும் வந்ததில்லை. யாரோ சிலர் வீட்டுக் குளியலறையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் வருகிறது.

வேளச்சேரிப் பக்கம் பன்னிரண்டு வீடுகள் உள்ள அடுக்ககத்தில் நாங்கள் இருக்கிறோம். 2015 டிசம்பரில் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். 2019 கோடையில் அதே வீட்டு வாசலில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அதற்கப்புறம்தான் சங்கக் கூட்டத்தில் மழையைப் பற்றி ஒழுங்காகப் பேச ஆரம்பித்தோம். மழைநீர் சேகரிப்பு என்றதும் எல்லோரும் எத்தனை லிட்டர் என்றுதான் கணக்குப் போட்டோம். கீழே இறங்குவது எவ்வளவு சுத்தமாக இறங்குகிறது, வெளியே போவது எதையெல்லாம் வாரிக்கொண்டு போகிறது என்று யாருமே கேட்கவில்லை. 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசர அவசரமாகக் குழி வெட்டியவர்கள் நிறைய. அதற்குப் பிறகு மூடியைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

தனி வீடோ, சின்ன அடுக்ககமோ, இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். குழி வெட்டுவது நான்காவது வேலை, முதல் வேலை இல்லை.

தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தெருவுக்கு அடியில் இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று, குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்க் குழாய். இது வட்ட மேன்ஹோல்கள் வழியாகப் போய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் முடியும். இன்னொன்று, மாநகராட்சியின் மழைநீர் வடிகால். தெரு ஓரமாக கான்கிரீட் மூடி போட்டிருப்பது. இதன் மறுமுனையில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் கிடையாது. நேராக ஏரி, கால்வாய், ஆறு.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. பள்ளிக்கரணை 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். பூநாரைகள் வந்து இரை தேடும் இடம். எங்கள் வாசலில் கார் கழுவிய சோப்புத் தண்ணீரும் அங்கேதான் போகிறது என்று தெரிந்த நாளில் எனக்கு மனசு கேட்கவில்லை. மற்ற பகுதிகளில் அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு என்று பெயர் மாறும், கதை ஒன்றுதான். உங்கள் தெரு வடிகால் எந்த நீர்நிலையில் போய் விழுகிறது என்று வார்டு உதவிப் பொறியாளரைக் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

முதல் வேலை: இரண்டையும் பிரிப்பது

உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா? எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து கழிப்பறையில் ஊற்றி ஃபிளஷ் பண்ணுங்கள். ஒருவர் வளாகத்துக் கழிவுநீர்த் தொட்டி அருகிலும், இன்னொருவர் தெரு வடிகாலின் வலை அருகிலும் நிற்கட்டும். குளியலறை, சமையலறைத் தொட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். எங்கள் வளாகத்தில் பின்பக்கத்து நான்கு சமையலறைகளின் தண்ணீர் நீல நிறத்தில் மழைநீர்க் குழாய்க்குள் இறங்கி, வடிகாலில் எட்டிப் பார்த்தது. கட்டியபோது பைப்பை மிச்சம் பிடிக்க யாரோ பக்கத்தில் இருந்த மழைநீர்க் குழாயோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள். பிளம்பருக்கு ஒன்றரை நாள் வேலை. அதைச் செய்யாமல் எத்தனை குழி வெட்டியிருந்தாலும் எங்கள் நிலத்தடி நீருக்குள் நாங்களே பாத்திரம் கழுவிய தண்ணீரை இறக்கியிருப்போம்.

பாதாளச் சாக்கடை இல்லாத இடமா? 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த புறநகர்ப் பகுதிகளில் இந்த நிலை ரொம்ப நாள் இருந்தது. அப்படியானால் உங்கள் செப்டிக் டேங்கின் வெளிக்குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். உறிஞ்சுகுழியில் முடிந்தால் சரி, வடிகாலில் முடிந்தால் தவறு. டேங்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சு லாரி வைத்து எடுத்துவிடுங்கள், லாரிக்காரரிடம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார் என்றும் கேளுங்கள். அதை இறங்கிச் சுத்தம் செய்ய மட்டும் ஒரு ஆளையும் விடாதீர்கள். உள்ளே தேங்கும் வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளை இறக்குவது குற்றமும்கூட.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு தவறு நடக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். மொட்டைமாடி மழைக் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியில் சேர்த்துவிடுகிறார்கள். கனமழை வந்தால் கழிவுநீர்க் குழாய் அந்த அளவைத் தாங்காது. தாழ்வான வீட்டுக் கழிப்பறை வழியாக எதிர்த்துக்கொண்டு வரும். தெருவில் தண்ணீர் நின்றதும் கடப்பாரை வைத்து மேன்ஹோல் மூடியைத் தூக்குவதும் இதே கணக்குதான். தெருத் தண்ணீர் வடிந்த மாதிரி இருக்கும், அடுத்த தெருவில் மலக்கழிவு பொங்கும். கலங்கிய தண்ணீரில் திறந்த மூடி கண்ணுக்குத் தெரியாது, அந்த வழியே நடக்கிற பிள்ளைகள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லி மோட்டார் வரவழையுங்கள்.

இரண்டாவது: ஒரு சின்னக் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதை மட்டும் நினைவில் வையுங்கள். 1200 சதுர அடி மொட்டைமாடி என்பது சுமார் 111 சதுர மீட்டர். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,500 லிட்டர் விழும், சிதறியதும் ஊறியதும் போக 5,000 லிட்டராவது குழாய்க்கு வரும். சென்னைக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் சராசரி மழைக்குத் திட்டம் போட்டுப் பயனில்லை. ஐப்பசி அடைமழையில் ஒரு நாளுக்குத் திட்டம் போடுங்கள்.

மூன்றாவது: முதல் மழையை ஒதுக்குவது

இந்தப் படியை நம்மில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறோம். நான் அதிகம் வற்புறுத்துவதும் இதைத்தான்.

போன வருடம் முதல் மழை அன்று மாடிக் குழாயின் அடியில் வரிசையாக நான்கு கண்ணாடி டம்ளர்களை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகப் பிடித்தேன். முதல் டம்ளர் டிகாஷன் மாதிரி இருந்தது. புறா எச்சம், வாகனப் புகைக்கரி, ஆறு மாதத் தூசி, பக்கத்து வீட்டுக் கட்டட வேலையின் சிமெண்டு எல்லாம் அதில். இரண்டாவது, வெளிறிய டீ. மூன்றாவதில் அடியில் கொஞ்சம் வண்டல், அவ்வளவுதான். நான்காவது டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்து எழுத்தைப் படிக்க முடிந்தது. இருபது நிமிட இடைவெளியில் அதே குழாய், அதே மாடி. அழுக்கெல்லாம் முதல் பங்கில் வந்துவிடுகிறது.

அந்த முதல் 2 மில்லிமீட்டர் மழையைக் கிணற்றுக்கும் சம்ப்புக்கும் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) விடாமல் தோட்ட மண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும். மேலே சொன்ன மாடிக்கு அது சுமார் 220 லிட்டர். கடைகளில் ஒரு அடைப்பான் வைத்த நிற்குழாயை இதற்கென்றே விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் கணக்குப் பாருங்கள்: 4 அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும். ஆளுயரக் குழாய் வைத்தாலும் 16 லிட்டரைத் தாண்டாது. 220 லிட்டருக்கு அது எந்த மூலைக்கு?

எங்களுக்கு ஒத்துவந்தது இரண்டு வழி. ஒன்று, குழாய் தரைக்கு வரும் இடத்தில் T வடிவ இணைப்பு ஒன்றைப் பொருத்தி, இரண்டு கைகளிலும் வால்வு. ஒரு கை தோட்டத்துக்கு, மறு கை சேகரிப்புக்கு. பருவம் தொடங்கும்போது தோட்ட வால்வு திறந்தே இருக்கட்டும், முதல் நல்ல மழை இருபது நிமிடம் அடித்த பிறகு மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் மழை இடைவெளி விட்டால் மறுபடி தோட்டத்துக்குத் திருப்ப வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு இன்னொரு வழி: 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். முதல் தண்ணீர் டிரம்மை நிரப்பிய பிறகுதான் மேல் குழாய் வழியாகச் சேகரிப்புக்குப் போகும்படி இணைக்க வேண்டும். டிரம்மின் அடியில் ஒரு சின்னத் துளைக்குழாய் வைத்தால் ஒரு நாளில் தானாகச் செடிக்குச் சொட்டிக் காலியாகிவிடும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி.

மாடிக் குழாய் வாயில் கம்பிவலைக் கூடை, தண்ணீர் கிணற்றுக்கோ சம்ப்புக்கோ போவதற்கு முன் கூழாங்கல், ஜல்லி, மணல் அடுக்கிய ஒரு வடிகட்டித் தொட்டி. இவ்வளவு போதும்.

நான்காவது: மண்ணைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்

சென்னை முழுக்க ஒரே மண் இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரத்தில் மணல், தண்ணீரை ஊற்ற ஊற்றக் குடிக்கும். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. வேறு பல இடங்களில் மேலே களிமண், அதற்குக் கீழே மணல். பக்கத்து ஊர்க்காரர் வெட்டியதைப் பார்த்து வெட்டினால் ஏமாந்துபோவீர்கள்.

ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி நிறையத் தண்ணீர் விடுங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓரங்குலத்துக்கு மேல் இறங்கினால் மேலோட்டமான குழியும் செடிப் பாத்தியும் வேலை செய்யும். அசையவே இல்லை என்றால் களிமண். அதைத் தாண்டி மணல் அடுக்கு வரும் வரை உறை (கான்கிரீட் வளையம்) இறக்க வேண்டும்.

வளாகத்தில் பழைய திறந்த கிணறு இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். தூர்ந்துபோனது என்று மூடிவிடாதீர்கள். தூர் வாரி, வடிகட்டிய மாடித் தண்ணீரை அதில் விடுவதைவிட நல்ல வழி எதுவும் இல்லை. மழைநீர் சேகரிப்பை மக்களுக்கு விளக்கும் மழை மையத்தை மந்தைவெளியில் 2002இல் தொடங்கிய சேகர் ராகவன் பல வருடங்களாக இதைத்தான் சொல்லிவருகிறார்.

கிணறு இல்லாதவர்களுக்கு உறைக்கிணறு. 3 அடி விட்டம், 12 அடி ஆழம் என்றால் 2,400 லிட்டர் பிடிக்கும். நாங்கள் இரண்டு போட்டோம். உறைகளுக்கு இடையில் சிமெண்டு பூசக் கூடாது, அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் மண்ணுக்குள் போகும். உள்ளே ஜல்லி போட்டு நிரப்பச் சொல்வார்கள், வேண்டாம். ஜல்லி நிரப்பினால் தண்ணீருக்கு மிஞ்சுவது பாதி இடம்கூட இல்லை, வண்டல் சேர்ந்தால் வாரவும் முடியாது. காலியாக விட்டு, மேலே கனமான கான்கிரீட் மூடி போட்டுப் பூட்டுங்கள்.

சுத்தத்தைப் பொறுத்தவரை மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வடிகட்டாத தண்ணீரை, அதுவும் தரைத் தண்ணீரை, போர்வெல்லுக்குள் நேரடியாக விடாதீர்கள். மண் அடுக்குதான் இயற்கையான வடிகட்டி, போர் பைப் அதைத் தாண்டிக் குதித்து அழுக்கை ஆழத்து நீருக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும், பிறகு அதை எடுக்க வழி இல்லை. செப்டிக் டேங்கிலிருந்தும் அதன் உறிஞ்சுகுழியிலிருந்தும் மழைநீர்க் கிணறு குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். மனை சின்னது, அவ்வளவு இடம் இல்லை என்றால் மண்ணுக்குள் இறக்கும் யோசனையை விட்டுவிட்டு மாடித் தண்ணீரை சம்ப்பில் பிடித்துப் பயன்படுத்துங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. மூன்றாவது, நிரம்பி வழியும் தண்ணீருக்குத் தெரு வடிகால் வரை ஒரு தனிக் குழாய் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அடித்தளத்துக்குள் தேடிக்கொண்டு வரும்.

ஐந்தாவது: தரையில் விழும் மழை

மாடித் தண்ணீரைவிட இது அழுக்கு. வண்டி நிற்கும் இடத்தில் சொட்டும் ஆயில், டயர்த் தூள், நாய்க் கழிவு எல்லாம் இதில் கலக்கும். இதைக் கிணற்றுக்கும் சம்ப்புக்கும் விடவே கூடாது. மண்ணும் செடியும்தான் இதற்கு மருந்து.

முதலில் சிமெண்டுத் தரையைக் குறையுங்கள். வளாகம் முழுக்கப் பூசி மெழுகிவிட்டால் சுத்தமாக இருக்கும் என்பது நம் ஊரில் வேரூன்றிப்போன எண்ணம். மரத்தைச் சுற்றி மூன்றடிக்கு மூன்றடியாவது வெறும் மண் விடுங்கள். பேவர் பிளாக் போடுவதாக இருந்தால் மணல், ஜல்லிப் படுக்கையின் மேல் போடச் சொல்லுங்கள். கீழே கான்கிரீட் போட்டு மேலே பிளாக் அடுக்கினால் சொட்டுகூட இறங்காது. கொத்தனார் கான்கிரீட்தான் உறுதி என்பார், கூடவே நின்று பாருங்கள்.

பிறகு, தண்ணீர் தானாக ஓடிச் சேரும் தாழ்வான மூலையில் ஒரு மழைப் பாத்தி. அரையடி முதல் முக்காலடி வரை பள்ளம், அடியில் மணலும் மட்கிய எருவும் கலந்த மண், அதில் கல்வாழை, வெட்டிவேர் போல ஈரத்தையும் காய்ச்சலையும் தாங்கும் செடிகள். மழை நின்று ஒரு நாளில், மிஞ்சிப்போனால் இரண்டு நாளில், தண்ணீர் வற்றிவிட வேண்டும். அதற்கு மேல் நின்றால் இன்னும் மணல் கலக்க வேண்டும் என்று அர்த்தம். கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால் இரண்டு நாள் கெடுவில் டெங்கு பயம் இல்லை. எங்கள் பாத்தி பத்தடிக்கு ஆறடிதான். போன கார்த்திகையில் வண்டி நிறுத்தும் இடத்துத் தண்ணீர் எண்ணெய்ப் படலம் மினுமினுக்க உள்ளே வந்ததை எதிர்வீட்டு அம்மா குடை பிடித்துக்கொண்டு என்னோடு நின்று பார்த்தார். மறுநாள் காலையில் பாத்தியில் தண்ணீர் இல்லை. அதற்கு அடுத்த வாரம் அவர் வீட்டிலும் ஒரு மூலையில் சிமெண்டை உடைத்தார்கள்.

அதையும் மீறி வாசலை நோக்கி ஓடும் தண்ணீருக்கு, கேட்டுக்குக் குறுக்கே துளை மூடி போட்ட ஒரு சால் வெட்டி, முதலில் ஒரு வண்டல் தொட்டிக்கும் பிறகு மழைப் பாத்திக்கும் திருப்புங்கள். பாத்தியும் நிறைந்தால் அதன் பிறகே தெரு வடிகால்.

ஆறாவது: வாசலுக்கு வெளியே

தெரு நம்முடையது இல்லை என்று விட்டுவிட முடியாது. வீடு கட்டும்போது எம் சாண்டையும் ஜல்லியையும் வடிகால் வாய் மேலேயே கொட்டுகிறார்கள், ஒரே மழையில் பாதி உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். மேலே தார்ப்பாய் போட்டு, சுற்றி மணல் மூட்டை அடுக்கச் சொல்லுங்கள். கலவை இயந்திரம் கழுவிய சிமெண்டுத் தண்ணீர் வடிகாலில் இறங்கினால் உள்ளே கல்லாக இறுகிவிடும், கால்வாய் மீனுக்கும் ஆகாது. வண்டியை மண் தரையில் நிறுத்திக் கழுவுங்கள். வடிகாலின் மூடிகளுக்கு அடியில் உங்கள் தெருவில் வண்டல் தொட்டிகள் இருந்தால் பருவமழைக்கு முன் தூர் வாரச் சொல்லி புரட்டாசியிலேயே 1913இல் புகார் பதியுங்கள். வாரிய வண்டலை அதே ஓரத்தில் குவித்துவிட்டுப் போனால் மறுநாளே மறுபடி கூப்பிடுங்கள். முதல் மழையில் அது உள்ளேயே திரும்பிவிடும்.

சித்திரைச் சோதனையில் கழிவுநீர் ஓடுவது தெரிந்தால் படம் எடுத்து, தேதியோடு, எந்த இரண்டு மின்கம்பங்களுக்கு இடையில் ஓடுகிறது என்று எழுதி அனுப்புங்கள். "எங்கள் தெருவில் நாற்றம்" என்று எழுதினால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அண்டை வீட்டுக்காரர்மேல் புகார் கொடுப்பதற்கு முன் அவர் வீட்டிலும் சொட்டு நீலச் சோதனையைச் செய்து காட்டுங்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் குழாய் எங்கே போகிறதென்றே தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேர் தாங்களாகவே மாற்றினார்கள்.

ஏழாவது: ஒரு நோட்டு

ஆவணியில் மாடியைப் பெருக்கி, குழாய் வாய் வலையையும் வடிகட்டி மணலையும் கழுவ வேண்டும். உறைக்கிணற்றில் சேர்ந்த வண்டலை நீளக் கைப்பிடி வாளியால் மேலிருந்தே வாருங்கள், யாரும் உள்ளே இறங்க வேண்டாம். முதல் மழைக்கு வால்வு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று குழாய் மேலேயே பெயிண்டில் எழுதிவிட்டால் காவலாளிக்கும் தெரியும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. புரட்டாசியில் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை உங்கள் கிணற்று அல்லது போர்த் தண்ணீரை அளந்து நோட்டில் எழுதுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை. பருவமழைக்குப் பிறகு எண் இறங்கினால் நீங்கள் இறக்கிய மழை வேலை செய்கிறது. டிடிஎஸ் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. அதனால் தையில், மலக்கழிவுக் கிருமி இருக்கிறதா என்று காட்டும் எச்2எஸ் சோதனைப் பாட்டில் ஒன்றிலும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்தால் எங்கிருந்தோ மலக்கழிவு கலக்கிறது என்று பொருள். அப்படியானால் குடிக்கவோ சமைக்கவோ அந்தத் தண்ணீரை எடுக்காமல், மாடிக் குழாயைக் கிணற்றிலிருந்து கழற்றித் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டு, சொட்டு நீலத்தோடு முதல் வேலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.